ஏற்புரை எழுதப் போகிறவர்களுக்கு: வாஷிங்டன் விடைபெற்ற விதம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பெங்களூரிலிருந்து தம்பி மகன் கூப்பிட்டான். "அத்தை, வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸ்ல லாஸ்ட் டே. டீம்ல 40 பேருக்கு ஒரு மெயில் போடணும். நல்லதா ஒரு கொட்டேஷன் சொல்லுங்களேன்."

நான் 31 வருடம் வரலாறு நடத்தியவள். அதில் கடைசி 6 வருடம், காவிரிக் கரையோரச் சிறுநகரம் ஒன்றில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வேலை தானாக என்னிடம் வந்து சேர்கிறது. மின்வாரியத்தில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் வந்தார். மகளிர் குழுக் கூட்டமைப்பின் தலைவி பதவியிலிருந்து இறங்கிய என் பழைய மாணவி வந்தாள். எல்லாருமே மேடை ஏறுவதற்கு முந்தின நாள்தான் வருவார்கள், எல்லாருக்கும் வேண்டியது ஒரு பொன்மொழி.

பொன்மொழி என்னிடம் கிடையாது. 1796இல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியிலிருந்து எப்படி விடைபெற்றார் என்று சொல்வேன். அதிலிருந்து நீங்கள் என்னென்ன செய்யலாம் என்று சொல்வேன். நீங்கள் நாட்டை ஆள வேண்டாம். ஒரு கிளை அலுவலகமோ, தொழிற்சங்கமோ, அடுக்ககச் சங்கமோ, 40 பேர் கொண்ட டீமோ போதும். நாளை முதல் அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள், வேலை மட்டும் நடக்க வேண்டும். சிக்கல் எல்லா இடத்திலும் இதேதான்.

முதலில் என் கதை. எனக்குப் பணி நிறைவு விழா நன்றாகத்தான் நடந்தது. 17 சால்வை, ஒரு குத்துவிளக்கு, ஒரு சுவர்க் கடிகாரம். ஏற்புரை 35 நிமிடம் பேசினேன். 20 நிமிடம் நன்றி. மீதியில் பெரும்பகுதி, எங்கள் பள்ளிக்குக் கழிப்பறைக் கட்டடம் கட்டும் கோப்பை ஒன்றரை வருடம் மேசையில் வைத்திருந்த மேலதிகாரி ஒருவரைப் பற்றி. பெயர் சொல்லவில்லைதான். ஆனால் அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் யாரென்று தெரியும். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்கும் நெஞ்சு லேசானது.

அடுத்த வாரம் பொறுப்புத் தலைமையாசிரியை ஒரு கையெழுத்துக்காக அதே அதிகாரியிடம் போக வேண்டியிருந்தது. காலை 10 மணிக்குப் போனவரை மாலை வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் கொட்டித் தீர்த்ததற்கு அவர் வட்டி கட்டினார்.

சொல்ல வேண்டியது எதையும் நான் சொல்லவும் இல்லை. இரண்டு கிராமத்துப் பெண்களுக்குக் கடைசி பஸ் 4:40க்கு. சிறப்பு வகுப்பு நடக்கும் நாளில் அவர்களை மட்டும் 4:20க்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, என் தலையில்தான் இருந்தது. அடுத்து வந்த தலைமையாசிரியை ஒழுங்கானவர். எல்லாருக்கும் 5 மணி என்றார். ஒரு மாதத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் சிறப்பு வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். யார்மேல் குற்றம் சொல்வது? 35 நிமிடம் மைக் என் கையில் இருந்ததே.

அதற்குப் பிறகுதான் வாஷிங்டனின் விடைபெறும் உரையைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே, முழுதாக, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன்.

உரை என்று பழக்கத்தில் சொல்கிறோம். அவர் அதை எந்த மேடையிலும் பேசவில்லை. 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியாவில் கிளேபூல் என்பவர் நடத்திய 'அமெரிக்கன் டெய்லி அட்வர்டைசர்' நாளிதழில் அச்சாகி வந்த கடிதம் அது. "நண்பர்களே, சக குடிமக்களே" என்று தொடங்கும், கடைசியில் அவர் பெயர் இருக்கும். ஏறக்குறைய 6,000 சொற்கள். இன்று அந்த நீளத்தில் எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள், அதில் அவரைப் பின்பற்ற வேண்டாம். மற்றபடி எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

நாள் குறிக்கும் முன்பே எழுதுங்கள்

முதல் பதவிக்காலம் முடியும் முன்பே, 1792இல், வாஷிங்டன் வீட்டுக்குப் போய்விட நினைத்தார். அந்த மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசனுக்குக் கடிதம் எழுதி, விடைபெறும் அறிக்கை ஒன்று தயாரித்துத் தரச் சொன்னார். ஜூனில் மேடிசன் அனுப்பிவைத்தார். அதற்குள் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் 'நீங்கள் போனால் கெட்டது' என்று மறித்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாத அவருடைய இரண்டு அமைச்சர்கள், ஜெபர்சனும் ஹாமில்டனும்கூட இதில் ஒரே குரல். அவர் தங்கிவிட்டார். தாள் மேசைக்குள் போனது, கிழித்துப் போடவில்லை. நான்கு வருடம் கழித்து, 1796 மே 15 அன்று, அதையே எடுத்துத் தன் கையால் மேலும் பல பக்கம் சேர்த்து அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கு அனுப்பினார். செப்டம்பரில் அச்சுக்குப் போகும் வரை தாள்கள் நியூயார்க்குக்கும் அவருக்கும் இடையே போய்வந்துகொண்டே இருந்தன.

ஆக, நான்கு வருடம் கிடந்து, நான்கு மாதம் பதப்பட்ட எழுத்து அது. நாம் முந்தின நாள் ராத்திரி உட்காருகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். பதவிக்கு வந்த முதல் மாதமே 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அட்டையில் 'எனக்குப் பின் வருகிறவருக்கு' என்று எழுதுங்கள். 'இது எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே' என்று என்றைக்கெல்லாம் தோன்றுகிறதோ அன்றைக்கெல்லாம் ஒரு வரி. தேதி போடுங்கள். என் 4:40 பஸ் அதில்தான் ஏறியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் படித்து, பழசாகிப்போனதை அடித்துவிடுங்கள். விடைபெறும் நேரத்தில் உங்கள் பேச்சுக்கு வேண்டிய முக்கால்வாசிச் சரக்கு அங்கே இருக்கும்.

ஐடி கம்பெனிகளில் இதற்கு கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) கொடுப்பது என்று பெயராம், தம்பி மகன் சொன்னான். எங்கள் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டியிருக்கும். போகட்டும். நோட்டீஸ் பீரியடின் கடைசி பத்து நாளில் அவசரமாகக் கொடுக்கிற கேடியில் பாஸ்வேர்டு இருக்கும், ஃபோல்டர் இருக்கும். 'இந்த வாடிக்கையாளர் கோபமாகப் பேசினால் பயப்படாதே, மௌனமாக இருந்தால் பயப்படு' என்பது இருக்காது.

நன்றாக எழுதுகிறவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள்

நாட்டின் தந்தை என்று பெயரெடுத்தவர், தன் கடைசிக் கடிதத்தை இரண்டு பேரைக் கொண்டு எழுதிக்கொண்டார். சொல்லாட்சியில் பெரும்பங்கு ஹாமில்டனுடையது. ஹாமில்டன் அப்போது அரசுப் பதவியை விட்டு நியூயார்க்கில் வக்கீல். அப்போது நியூயார்க் ஆளுநராக இருந்த ஜான் ஜேயையும் கலந்துகொண்டார்கள். ஹாமில்டன் இரண்டு வகையாகச் செய்து அனுப்பினார்: வாஷிங்டன் தந்ததையே செப்பனிட்டது ஒன்று, அதே கருத்துகளை வைத்துப் புதிதாகக் கட்டியது இன்னொன்று. வாஷிங்டனுக்குப் புதியதுதான் பிடித்தது. தான் எழுதியதை ஒதுக்கிவிட்டு, அடுத்தவர் எழுதியது மேல் என்று ஒப்புக்கொண்டார். இதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அப்படியே அச்சுக்கு அனுப்பவில்லை. 32 பக்கத்தையும் தன் கையால் எழுதினார். எழுதிக்கொண்டே அடித்தார், மாற்றினார். இந்த இடத்தை நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். இப்போது நம் பிள்ளைகள் ஏஐயிடம் 'ஃபேர்வெல் மெயில்' கேட்கிறார்கள். வந்ததை அப்படியே ஒட்டுகிறார்கள். கேட்டு வாங்குவதில் தப்பில்லை. வாங்கியதை ஒரு தரம் பேனாவால் தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் வாயில் வராத சொல் எழுதும்போதே கையை உறுத்தும். "இந்த அற்புதமான பயணத்தில்" என்று எந்தத் தலைமையாசிரியையாவது கையால் எழுதுவாளா?

இன்னொன்றும் கவனியுங்கள். 1796இல் மேடிசன் எதிரணியில் இருந்தார். வாஷிங்டனின் அரசை நாடாளுமன்றத்தில் எதிர்த்துக்கொண்டிருந்தவர்களில் முன்வரிசை. அப்படியிருந்தும் வாஷிங்டன் ஹாமில்டனுக்கு அனுப்பிய தாள்களில் மேடிசன் எழுதியதை அப்படியே வைத்தார். நான்கு வருடம் முன்பே போக நினைத்தேன் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சி எதிரணிக்காரர் எழுதியதாகவே இருப்பது இன்னும் நல்லது என்ற கணக்கும் அதில் உண்டு. கிழவர் ஒன்றும் ஏமாளி இல்லை.

கோபத்தைத் தனித் தாளில் எழுதுங்கள்

எனக்கு மிகவும் வலித்த பாடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இரண்டாம் பதவிக்காலத்தில் பத்திரிகைகள் வாஷிங்டனைக் கிழித்துத் தொங்கவிட்டன. பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரன் நடத்திய 'அரோரா' அதில் முதல். இங்கிலாந்தோடு செய்துகொண்ட ஜே ஒப்பந்தத்துக்குப் பிறகு வசவுக்கு அளவே இல்லை. அவருக்கு உள்ளுக்குள் நிறையக் கோபம். மே மாதம் ஹாமில்டனுக்கு அனுப்பிய தன் கைப்பிரதியில் அதைக் கொட்டியிருந்தார். சில பத்திரிகைகள் தன்னைப் பழி தூற்றின, தன் அரசியலைத் திரித்துக் காட்டின, தன் பெயரைக் கெடுக்கப் பார்த்தன என்றெல்லாம் ஒரு மனிதன் எப்படிப் புழுங்குவானோ அப்படி.

அச்சில் வந்ததில் அது இல்லை. ஹாமில்டன் எடுத்த எடுப்பிலேயே அதையெல்லாம் தவிர்த்தார், வாஷிங்டனும் விட்டுவிட்டார். 200 வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கடிதத்தைப் படிக்கிறார்கள் என்றால், அந்த வரிகள் போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யார் திட்டினார்கள், எதற்குத் திட்டினார்கள் என்று அடிக்குறிப்போடு படிக்க வேண்டிய கடிதமாக அது ஆகியிருக்கும்.

ஆனால் கவனியுங்கள்: கோபத்தை அவர் எழுதாமல் விடவில்லை. எழுதினார், ஒரு ஆளிடம் காட்டினார், பிறகு எடுத்தார். மனசில் இருப்பதை எழுதவே கூடாது என்றால் அது மேடையில் மைக் முன்னால் வந்துவிடும், என்னைப் போல. அதனால் மூன்று வேலை செய்யுங்கள். ஏற்புரைக்கு ஒரு தாள், வயிற்றெரிச்சலுக்கு ஒரு தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தாளில் பெயர், தேதி, கோப்பு எண் எல்லாம் போட்டு ஆசை தீர எழுதுங்கள். உங்களை நேசிக்கிற, ஆனால் உங்களுக்குப் பயப்படாத ஒருவரிடம் இரண்டையும் கொடுங்கள். முதல் தாளுக்குள் இரண்டாவது தாள் எங்கெல்லாம் கசிந்திருக்கிறது என்று அவர் கோடு போடட்டும். 'சில பேர் நினைத்தார்கள்', 'நல்லவர்கள் போல நடித்தவர்களையும் பார்த்தேன்' என்று தொடங்கும் வாக்கியம் எதுவானாலும் கசிவுதான்.

என் அண்ணனுடைய பேச்சில் அப்படி ஐந்து இடம் இருந்தது. அண்ணிதான் கோடு போட்டார். ஐந்தையும் எடுத்த பிறகு பேச்சு ஆறு நிமிடமாகச் சுருங்கியது. சாப்பாட்டுக்கு முன் ஆறு நிமிடம் பேசி உட்கார்ந்தவரை இன்னும் அந்த அலுவலகத்தில் நல்லபடியாகச் சொல்கிறார்களாம்.

'ஒற்றுமையாக இருங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

விடைபெறுகிற எல்லாரும் இதைச் சொல்கிறோம். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஒட்டுவதில்லை.

வாஷிங்டனும் இதைத்தான் சொல்ல வந்தார்: மாநிலங்கள் சேர்ந்த ஒன்றியம் உடைந்துவிடக் கூடாது. ஆனால் எப்படிச் சொன்னார் பாருங்கள். கணக்குப் போட்டுக் காட்டினார். தெற்கே விளைவது வடக்கின் கப்பலுக்கும் தொழிலுக்கும் சரக்கு; வடக்கு இருப்பதால் தெற்கின் விவசாயம் வளர்கிறது. கிழக்குக்கு வெளிநாட்டுச் சரக்கும் உள்நாட்டுச் சரக்கும் விற்க மேற்கு வேண்டும். மேற்குக்குத் தன் விளைச்சல் வெளியே போகக் கிழக்கின் கடற்கரை வேண்டும். மிசிசிப்பி ஆற்றில் போக்குவரத்து உரிமை கிடைத்தது யாரால் என்று மேற்குக்காரர்களுக்கு நினைவூட்டினார். முந்தின வருடம்தான் ஸ்பெயினோடு அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பாசமாக இருங்கள் என்று கெஞ்சுவதோடு நிற்காமல், பிரிந்தால் உங்கள் கையை விட்டு என்னென்ன போகும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்து வைத்தார்.

உங்கள் இடத்திலும் இதைச் செய்யலாம். தாளில் நான்கைந்து பிரிவுகளின் பெயரை எழுதுங்கள். எங்கள் பள்ளியென்றால் அலுவலகம், அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு, சத்துணவுக் கூடம், பெற்றோர் ஆசிரியர் கழகம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போடுங்கள்: இவர் இல்லாவிட்டால் அவருக்கு எந்த நாள், எந்த வேலை நிற்கும்? அதில் யாருக்கும் தெரியாத இரண்டு அம்புக்குறிகளை மட்டும் பேச்சில் சொல்லுங்கள். தம்பி மகனிடம் இதைச் செய்யச் சொன்னேன். அவன் டீமில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் டெஸ்டிங் செய்கிறவர்களுக்கும் எப்போதும் முறுக்கு. யோசித்துவிட்டுச் சொன்னான்: "அத்தை, தீபாவளிக்கு முந்தின ராத்திரி டெஸ்டிங்ல ஒரு பொண்ணு ஒரு தப்பைக் கண்டுபிடிச்சா. இல்லேன்னா அந்த நாலு பேருக்கும் லீவே இருந்திருக்காது. அது அவங்களுக்கே தெரியாது." அதை எழுதுடா என்றேன்.

கோஷ்டிகளைப் பற்றி அவர் சொன்னது இன்னொரு வகை. கட்சி உணர்வு மனித சுபாவத்தோடு பிறந்தது, அதை ஒழித்துவிட முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். அணைக்க முடியாத நெருப்பு அது. கொழுந்துவிட்டு எரியாமல் எப்போதும் ஒரு கண் வைத்திருங்கள், இல்லாவிட்டால் குளிர் காய்வதற்குப் பதில் எரித்துவிடும் என்கிறார். விறகடுப்பு ஊதிய எனக்கு இது உடனே புரிந்தது. ஆசிரியர் அறையில் கோஷ்டி இல்லாத பள்ளியை நான் பார்த்ததில்லை. 'கோஷ்டியே வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போகிற தலைமையாசிரியரை யாரும் நம்புவதில்லை. 'நீங்கள் இரண்டு பக்கமும் கத்திக்கொள்ளுங்கள். தேர்வுப் பணி ஒதுக்கீட்டில் மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள்' என்றால் கேட்பார்கள்.

வெளிநாட்டு உறவு பற்றிய பகுதியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், பாதிப் பேர் தப்பாக. 'சிக்கவைக்கும் கூட்டணிகள்' என்ற பிரபலமான தொடர் வாஷிங்டனுடையது இல்லை. 1801இல் ஜெபர்சன் பதவியேற்றபோது சொன்னது. வாஷிங்டன் சொன்னது, நிரந்தரக் கூட்டணிகளிலிருந்து விலகியிருங்கள், அசாதாரண நெருக்கடிக்குத் தற்காலிகக் கூட்டு வைத்துக்கொள்ளலாம் என்பது. எனக்குப் பிடித்த வரி வேறு: இன்னொரு நாட்டின்மேல் தீராத வெறுப்போ தீராத மோகமோ வைத்திருக்கும் நாடு ஏதோ ஒரு வகையில் அடிமைதான் என்கிறார். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் இதைப் பெரிதாக எழுதி மாட்டலாம்.

கடனைப் பற்றியும் சொன்னார்: முடிந்தவரை குறைவாக வாங்கு, நாம் சுமக்க வேண்டியதைப் பின்னால் வருகிறவர் தலையில் கட்டாதே, கடனடைக்க வரி வேண்டும், எந்த வரியும் இனிக்காது. உங்கள் சங்கத்தில் நிலுவை இருந்தால் தொகையைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தப்பை ஒப்புக்கொள்ளுங்கள், சொல்லாமல் விட்டதையும் தேடுங்கள்

கடிதத்தின் முடிவில் வாஷிங்டன் சொல்கிறார்: என் ஆட்சியைத் திரும்பிப் பார்க்கையில் வேண்டுமென்றே தவறு செய்ததாக எனக்குத் தெரியவில்லை; ஆனாலும் என் குறைகளை நான் அறிவேன், பல தவறுகள் செய்திருக்கக்கூடும். 45 வருடம் நேர்மையான ஆர்வத்தோடு உழைத்த ஒருவனின் குறைகள் மறதிக்குள் போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறார்.

வகுப்பில் இந்த வரியை நெகிழ்ந்து நடத்தியிருக்கிறேன். இப்போது அப்படி முடியவில்லை. காரணம், அதே வருடம் அதே ஊரில் நடந்த இன்னொரு விடைபெறல்.

ஹாமில்டனுக்கு அந்தத் தாள்களை அனுப்பிய ஒரே வாரத்தில், 1796 மே 21 அன்று, பிலடெல்பியாவின் குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் வெளியேறினாள். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குப் பணிவிடை செய்த அடிமை. மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அறிந்ததும், குடும்பம் சாப்பாட்டு மேசையில் இருந்த நேரத்தில் அவள் கிளம்பிப் போய்விட்டாள். பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று அந்த ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவள் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கடிதம் அச்சேறுவதற்கு மூன்று வாரம்கூட இல்லாத செப்டம்பர் முதல் தேதி, அவளைத் திருப்பிக் கொண்டுவர வழி தேடி வாஷிங்டன் தன் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சுதந்திரத்தின்மேல் உங்களுக்குள்ள பற்று இதயத்தின் ஒவ்வொரு நரம்போடும் பின்னியிருக்கிறது என்று நாட்டுக்கு எழுதிய அதே மாதம். 6,000 சொல்லில் அடிமைமுறை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஓனாவை அவர்களால் கடைசிவரை திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. 1848இல் இறந்தாள். முதிய வயதில் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, வந்ததற்கு வருந்தவில்லை என்றாள்.

இதை வைத்து வாஷிங்டனின் கடிதத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. உங்கள் ஏற்புரையை எழுதி முடித்ததும் இப்படி ஒரு சோதனை செய்யுங்கள் என்கிறேன். பேச்சில் வரும் பெயர்களை எல்லாம் வட்டம் போடுங்கள். உங்கள் இடத்தில் சம்பளம் வாங்கும், அல்லது வாங்க வேண்டிய, எல்லாருடைய பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். வட்டத்துக்குள் வராதவர்கள் யார்? என் பேச்சில் இரண்டு முன்னாள் அமைச்சர்கள் பெயர்கூட இருந்தது. 6 வருடம் தினமும் எனக்கு முன்னால் வந்து கேட்டைத் திறந்த தூய்மைப் பணியாளர் அம்மா பெயர் இல்லை. அவருக்கு நான் இருந்தபோதே மூன்று மாதச் சம்பளம் பாக்கி நின்றது. அதை மேடையில் ஒரு வரி சொல்லியிருந்தால், வந்திருந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பார்கள். நான் கழிப்பறைக் கோப்பைப் பற்றிக் கர்ஜித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கழிப்பறையைக் கழுவுகிறவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்

கடிதம் அச்சேறிய விதத்தைக் கிளேபூல் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். செயலாளரை அனுப்பி வாஷிங்டன் அவரை வரவழைத்தார். தனியாக உட்கார்ந்திருந்தார். என்றைக்கு வர வேண்டும் என்று பேசி, வரும் திங்கட்கிழமை என்று முடிவானது. அச்சுத்தாள் வந்ததும் அவரே திருத்தினார். சொல்லில் மாற்றம் கொஞ்சம்தான். நிறுத்தற்குறிகளில் மட்டும் படு நுணுக்கம் பார்த்தாராம். இது படித்ததும் எனக்கு மனிதர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. கமா பார்க்கிறவரை வாத்தியார்களால் வெறுக்க முடியாது. வேலை முடிந்து கைப்பிரதியைத் திருப்பித் தரும்போது, இதைப் பிரிய மனமில்லை என்றார் கிளேபூல். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வாஷிங்டன். அது இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.

பத்திரிகை தெருவுக்கு வந்த அன்றே அவர் வண்டியேறி மவுன்ட் வெர்னனில் இருந்த தன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். யார் என்ன சொல்கிறார்கள் என்று வாசலில் நின்று கேட்கவில்லை. நம் காலத்துக்கு மாற்றினால்: மெயிலை அனுப்பிவிட்டு யார் லைக் போட்டார்கள் என்று எண்ணாதீர்கள். ஒரு வாரத்துக்குள் அலுவலக வாட்ஸப் குழுவை விட்டு நீங்களாக வெளியேறுங்கள். 'சும்மா இருந்துக்கிறேன்' என்று இருந்துகொண்டால், புதியவர் போடும் ஒவ்வொரு செய்திக்கும் கீழே உங்கள் மௌனம் ஒரு மதிப்பெண் போல நிற்கும்.

1797 மார்ச் 4 அன்று அடுத்த குடியரசுத் தலைவராக ஜான் ஆடம்ஸ் பதவியேற்றார். விழா முடிந்து வெளியேறுகையில் வாஷிங்டன் முன்னால் போகவில்லை. புதுத் துணைத் தலைவர் ஜெபர்சனை முதலில் போகச் சொல்லி, தான் பின்னால் நடந்தார். ஆடம்ஸ் மறுநாள் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நக்கல் உண்டு: 'நான் வெளியே வந்தாயிற்று, நீ உள்ளே மாட்டிக்கொண்டாய், யார் சந்தோஷமாக இருக்கிறோம் பார்ப்போம்' என்று வாஷிங்டன் மனசுக்குள் சொல்வது தன் காதில் விழுந்ததாக. நாற்காலியிலிருந்து இறங்குகிறவர் முகத்தில் அந்த நிம்மதி தெரிய வேண்டும். தெரியாவிட்டால், புதியவர் பயப்படுவார்.

ஒரு திருத்தம். மூன்றாம் முறை யாரும் நிற்கக் கூடாது என்று வாஷிங்டன் எழுதியதாகப் பலர் நினைக்கிறார்கள். எங்கும் எழுதவில்லை. அவர் போனார், அது பழக்கமாகிவிட்டது. 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வென்று அதை உடைத்தார். 1951இல் அரசியல் சட்டத்துக்கு 22ஆவது திருத்தம் வந்துதான் அது சட்டமானது.

கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்

கடிதம் வந்து ஒரு வாரத்திலேயே பிஷர் ஏம்ஸ் என்ற அரசியல்வாதி எழுதினார்: ஓட்டப் பந்தயத்தில் தொப்பியைக் கீழே போட்டுச் சைகை காட்டுவது போல, கட்சிகள் ஓடத் தொடங்க இதுதான் சைகை. அப்படியேதான் ஆனது. கோஷ்டி வேண்டாம் என்றவர் போன கையோடு ஆடம்ஸும் ஜெபர்சனும் தேர்தலில் மோதினார்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்கு 71க்கு 68. வாஷிங்டனுக்கே இது தெரியும். என் அறிவுரை நான் விரும்பும் அளவுக்கு வலுவாக நிற்கும் என்று நம்பத் துணியமாட்டேன், எப்போதாவது ஒருமுறை நினைவுக்கு வந்து கொஞ்சம் நன்மை செய்தால் போதும் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்.

இன்று அமெரிக்க செனட்டில் வருடந்தோறும் பிப்ரவரியில் யாராவது ஒரு உறுப்பினர் அதை முழுதாக வாசிக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகும். கட்சிச் சண்டை வேண்டாம் என்ற கடிதத்தை இந்த வருடம் உங்கள் கட்சி, அடுத்த வருடம் எங்கள் கட்சி என்று முறை வைத்து வாசிக்கிறார்கள்.

தம்பி மகன் வியாழக்கிழமை ராத்திரி எனக்கு வரைவை அனுப்பினான். ஐந்து பத்தி. தீபாவளிக்கு முந்தின ராத்திரி இருந்தது. மௌனமாக இருந்தால் பயப்பட வேண்டிய வாடிக்கையாளர் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையனைத் தவறாக மதிப்பிட்டு பதவி உயர்வு தராமல் விட்டதை, அந்தப் பையனிடம் முதலில் கேட்டுக்கொண்டு, சேர்த்திருந்தான். ராத்திரி ஷிப்ட் கேப் டிரைவர்கள் இரண்டு பேர் பெயர் இருந்தது. நான் மூன்று கமா சேர்த்தேன், "பயணம்" என்ற சொல்லை இரண்டு இடத்தில் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெசேஜ் வந்தது: "அனுப்பிட்டேன் அத்தை. லேப்டாப்பைக் குடுத்துட்டு பஸ் ஏறப் போறேன்."